மாயா சமூகத்தின் தட்டுகளைப் படிப்பது எப்படி: அடுப்படியிலிருந்து அரியணை வரை ஒரு முழு வழிகாட்டி

பாடநூலாக இருந்தாலும் இணையப் பக்கமாக இருந்தாலும், மாயா சமூகம் என்றதும் ஒரு முக்கோணத்தை வரைந்துவிடுகிறார்கள். உச்சியில் அரசர், அடுத்து பூசாரிகளும் பிரபுக்களும், அதற்குக் கீழே வணிகரும் கைவினைஞரும், பிறகு உழவர், அடியில் அடிமைகள். தேர்வில் மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாயா நகரத்தின் இடிபாட்டில் நின்றால் எதுவும் பிடிபடாது. எதிரே தெரியும் மேடை யாருடைய வீடு? குவளையில் ஓவியம் தீட்டியவன் அரசனின் மகன் என்றால் அவனை எந்தத் தட்டில் வைப்பது? முக்கோணத்திடம் பதில் இல்லை.

ஆகவே இங்கே கீழிருந்து தொடங்கப் போகிறோம். பெயர் எழுதிவைக்காத குடியானவரின் அடுப்படியில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக ஏறி, அரியணை அருகே போய், பிறகு கயிற்றால் கட்டுண்டவர்களிடம் இறங்குவோம். ஒரு முன்குறிப்பு: மாயா மொழிகளில் தொண்டையை இறுக்கிச் சொல்லும் ஒலிகள் பல உண்டு. அவற்றுக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் நெருங்கிய ஒலியில் எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்

மாயா மக்களின் நிலம் மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதி, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் மற்றும் எல் சால்வடோரின் மேற்குப் பகுதிகள் வரை பரந்தது. அங்கே ஒரே பேரரசு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. டிக்கால், காலக்முல், பலென்கே, கோப்பான், யாஷ்சிலான் என்று பல அரசுகள். சில பெரியவை, சில அவற்றுக்கு அடங்கியவை. கல்வெட்டுகளும் கோபுரக் கோயில்களும் செழித்த செவ்வியல் காலம் கி.பி. 250 முதல் 900 வரை. கடைசி மாயா அரசு, குவாத்தமாலாவின் பெத்தேன் ஏரித்தீவிலிருந்த இட்சா என்ற மாயாக் குழுவினரின் நோஹ்பெத்தேன், ஸ்பானியரிடம் விழுந்தது 1697-இல்.

பெரும்பாலான தவறுகள் இந்த இடைவெளியை மறப்பதால் வருகின்றன. 'ஹலாச் வினிக்', அதாவது 'மெய்யான மனிதர்', என்பது ஸ்பானியர் வந்த காலத்தில் மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் ஆட்சித் தலைவருக்கு வழங்கிய பெயர். அதைத் தூக்கி, 683-இல் இறந்த பலென்கே அரசர் கினிச் ஹனாப் பகாலின் தலையில் வைக்கும் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே 800 ஆண்டுகள் கிடக்கின்றன. எனவே ஒரு பட்டத்தையோ வழக்கத்தையோ படிக்கும்போது, பக்கத்திலேயே ஊரையும் நூற்றாண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு குடியானவர் வீட்டுக்குள் போங்கள்

கல்வெட்டுகள் உழவரைப் பற்றிப் பேசுவதில்லை. ஓலைக்கூரை வீடுகள் வெப்பமண்டல மழையில் கரைந்து போய்விட்டன. அப்படியிருக்க, எல் சால்வடோரில் எரிமலை ஒன்று நமக்கு ஓர் ஊரையே பொத்திவைத்தது. கி.பி. 600-ஐ ஒட்டி லோமா கல்தேரா வெடித்தபோது ஹோயா டெ செரேன் என்ற சிற்றூர் பல மீட்டர் ஆழச் சாம்பலில் புதைந்தது. 1976-இல் தானியக் கிடங்கு கட்ட மண்ணைத் தள்ளிய புல்டோசர்தான் அதை வெளியே கொண்டுவந்தது. தொல்லியலாளர் பேசன் ஷீட்ஸ் 1978-இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார். 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மனித உடல்கள் கிடைக்கவில்லை. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஊரே ஓடியிருக்கிறது.

அப்படி ஓடியவர்களின் வீட்டில் இருந்ததைக் கவனியுங்கள். சாப்பிட்ட கிண்ணங்களில் விரலால் வழித்த தடம் அப்படியே இருக்கிறது. படுக்கும் பாய் இன்னும் விரிக்கப்படவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, தூங்கப் போவதற்கு முன் நேர்ந்தது என்று இதிலிருந்தே கணிக்கிறார்கள். எரிமலைக் கண்ணாடிக் கத்திகள் கூரை ஓலையில் செருகப்பட்டிருந்தன, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் இருக்கத்தான். மக்காச்சோளம் அரைக்கும் அம்மியும் குழவியும் இருந்தன.

இங்கேதான் முக்கோணம் முதல் அடி வாங்குகிறது. ஒரு குடும்பத்துக்குத் தூங்க ஒரு கட்டடம், சாமான் வைக்க ஒன்று, சமைக்க ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. பானை சட்டிகள் ஒரு வீட்டுக்குப் பல டஜன். அவற்றில் பல வண்ணம் தீட்டிய நயமான கலங்களும் உண்டு. ஊரில் பொதுக் கட்டடம் ஒன்றும், மண்ணால் குவிமாடம் எழுப்பிய நீராவிக் குளியலறை ஒன்றும் இருந்தன. அந்த வீட்டார் எரிமலைக் கண்ணாடியையும் பச்சைக்கல் கோடரியையும் தாங்களே செய்திருக்க முடியாது. ஒரு குடும்பம் சுரைக் குடுவைக்கு வண்ணம் பூசியது, இன்னொன்று கற்றாழை நாரெடுத்தது. உபரியாக விளைந்ததையும் செய்ததையும் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். எந்தச் சந்தையில் கொடுப்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் அவர்களுக்கு இருந்திருக்கும் என்பது ஷீட்ஸின் கருத்து.

எல்லாக் குடியானவரும் இப்படி வசதியாக இருந்தார்கள் என்று சொல்லவில்லை. செரேன் வளமான எரிமலை மண்ணில் இருந்த ஊர். ஆனால் 'உழவர்' என்ற ஒற்றைச் சொல்லால் அடித்தட்டை நிரப்பும்போது என்ன மறைகிறது என்பதை அறிய இந்த ஒரு வீட்டில் அரை நாள் செலவழிக்கலாம்.

படி 3: மேடையின் உயரத்தையும் கூரையையும் பாருங்கள்

மாயா ஊர்கள் பெரும்பாலும் முற்றத்தைச் சுற்றிய வீட்டுத் தொகுதிகளால் ஆனவை. நான்கைந்து கட்டடங்கள் ஒரு முற்றத்தைப் பார்த்து நிற்கும். பெற்றோர், மணமான பிள்ளைகள், ஒட்டிய உறவினர் எல்லோரும் அதிலேயே வாழ்வார்கள். இறந்தவர்களையும் பெரும்பாலும் வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். அந்த நிலம் எந்தப் பரம்பரைக்கு உரியது என்பதற்கு அந்த எலும்புகளே பத்திரம்.

இந்தத் தொகுதிகளை வைத்து அந்தஸ்தை எடைபோட மூன்று கேள்விகள் போதும். மேடை எவ்வளவு உயரம்? கூரை ஓலையா, கல் அடுக்கிக் கவிந்த வளைவா? உள்ளே உட்காரும் திண்ணை வெறும் மண்ணா, செதுக்கிய கல்லா? கல் கூரை என்றால் சுண்ணாம்பு சுட விறகு, கல் வெட்ட ஆள், மாதக்கணக்கான உழைப்பு. அந்த ஆட்களை வரவழைக்க முடிந்தவர் சாதாரணக் குடும்பத்தலைவராக இருக்க வாய்ப்பில்லை.

கோப்பானின் லாஸ் செபுல்துராஸ் பகுதி இதற்கு நல்ல பயிற்சிக் களம். அரசரின் மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் இந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டின் முகப்பில், ஒரு கையில் தூரிகையும் மறு கையில் சங்கு மசிக்கூடும் ஏந்திய உருவங்கள் இருக்கின்றன. உள்ளே எழுத்து செதுக்கிய திண்ணை. 781-இல், கோப்பான் அரசர் யாஷ் பசாஹ் சான் யோப்பாட் ஆட்சியில் அமைக்கப்பட்டது. எழுத்தறிந்த ஒரு குடும்பம் தன் பெயரைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே எழுதிக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. அதே வளாகத்துக்குள் பின்கட்டு முற்றங்களில் தாழ்ந்த, எளிய வீடுகளும் இருக்கின்றன. ஏழை உறவினரா, வேலைக்காரரா, குடியேறியவரா? ஒரே சுவருக்குள் மேலும் கீழும் சேர்ந்து வாழ்ந்தது மட்டும் உறுதி.

யுகத்தானின் ஸ்பானியப் பாதிரியார் டியேகோ டெ லாண்டா 1566-ஐ ஒட்டி எழுதியதில் ஓர் அழகான நகர வரைபடம் வருகிறது: நடுவில் கோயில்கள், சுற்றிலும் பிரபுக்களும் பூசாரிகளும், அப்புறம் செல்வர்கள், ஊரின் ஓரத்தில் தாழ்ந்தவர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. செவ்வியல் கால நகரங்களில் இது அப்படியே பொருந்தவில்லை. டிக்காலில் மையத்துக்கு வெகுதூரத்தில் பெரிய வீடுகள் கிடக்கின்றன. 2018-இல் வெளியான லேசர் அளவீடு வடக்குக் குவாத்தமாலாவில் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுக்கு அடியில் 60,000-க்கும் அதிகமான கட்டடத் தடங்களைக் காட்டியது. காடு என்று நினைத்த இடங்கள் வீடுகளும் வயல்மேடைகளும் வாய்க்கால்களுமாக இருந்தன. 'ஊரின் ஓரம்' எங்கே என்று கோடு போடுவதே கடினம்.

படி 4: பட்டங்களை வாசியுங்கள், யாருடைய என்று கேளுங்கள்

ஒரு காலத்தில் மாயா கல்வெட்டுகள் வெறும் நாள்கணக்கும் வானியலும் என்றே நம்பினார்கள். அமைதியான பூசாரி வானியலாளர்கள் ஆண்ட நாடு என்ற கதை அதில் பிறந்தது. 1960-இல் ஆய்வாளர் தாத்தியானா புரோஸ்கூரியாக்கோஃப் பியத்ராஸ் நெக்ராஸ் ஊரின் கற்களில் உள்ள தேதிகளை அடுக்கிப் பார்த்து, அவை மனித ஆயுள் அளவில் பிறப்பையும் பட்டமேற்பையும் குறிக்கின்றன என்று காட்டினார். பூசாரி ஆட்சிக் கதை அத்தோடு சரிந்தது. பழைய முக்கோணங்கள் சிலவற்றில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டங்கள் சில மட்டுமே. 'அஹாவ்' என்றால் தலைவர். 'குஹுல் அஹாவ்' என்றால் புனிதத் தலைவர், அதாவது ஓர் அரசின் மன்னர். 'கலோம்தே' அதற்கும் மேல், வலிமைமிக்க சிலர் மட்டும் தாங்கியது. 'சஹால்' என்பவர் அரசருக்கு அடங்கிய ஆட்சியாளர். பெரும்பாலும் சிற்றூர்களை ஆண்டவர், மேற்குப் பகுதிகளில் அதிகம் தென்படுகிறார். 'அஹ் குஹூன்' அரண்மனையின் உயர் பொறுப்பாளர். 'பாஹ் சோக்', தலை இளைஞர், பட்டத்து இளவரசருக்குரியது. பெண்களின் பெயருக்கு முன் 'இஷ்' வரும்.

இப்போது இலக்கணத்தில் ஒரு தந்திரம். மாயா எழுத்தில் உடைமையைக் காட்டும் முன்னொட்டு உண்டு. 'அஹாவ்' தலைவர் என்றால், 'யஹாவ்' அவருடைய தலைவர், அதாவது இன்னொருவருக்குக் கட்டுப்பட்ட தலைவர். 'உசஹால்' என்றால் அவருடைய சஹால். ஒரே சொல், முன்னால் ஒரு ஒலி சேர்ந்ததும் மனிதர் ஒரு படி இறங்கிவிடுகிறார். கல்வெட்டைப் பார்க்கும்போது பட்டம் எவ்வளவு பெரியது என்பதைவிட அது யாருடையது என்பதையே முதலில் தேடுங்கள். 783-ஆம் ஆண்டின் ஒரு செதுக்குப் பலகையில் யாஷ்சிலான் அரசர் மேலே திரைக்குக் கீழ் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் படிக்கட்டில் சஹால் ஒருவர், தான் பிடித்த கைதிகளைக் காட்டி நிற்கிறார். கைதிகள் தரையோடு தரையாக. ஒரே கல்லில் உயரமே தரவரிசை.

பெண்களைத் தனித் தட்டாக வைக்காதீர்கள். தோஸ் பிலாஸ் நகரிலிருந்து 682-இல் நரான்ஹோ நகருக்கு வந்த இளவரசியை ஆய்வாளர்கள் ஆறு வான அரசி என்று அழைக்கிறார்கள். அவருடைய மகன் 693-இல் ஐந்து வயதில் பட்டமேறினான். கற்களில் கைதியின் முதுகில் ஏறி நிற்பவர் தாய்தான். வாகா நகரத்தின் அரசி கபெல் தன் கணவரைவிட உயர்ந்த கலோம்தே பட்டம் தாங்கியிருந்தார்.

படி 5: நடுத்தட்டைத் தேடும்போது ஏமாறாதீர்கள்

கைவினைஞரும் வணிகரும் நடுவில் என்பது முக்கோணத்தின் மிகத் தைரியமான பொய். அகுவாத்தேக்கா என்ற நகரம் கி.பி. 800-ஐ ஒட்டி எதிரிகளால் தாக்கி எரிக்கப்பட்டது. மக்கள் அவசரமாக வெளியேறியதால் பொருட்கள் வீட்டிலேயே கிடந்தன. தொல்லியலாளர் தாக்கேஷி இனோமாத்தாவின் குழு தோண்டிய வீடுகளில், அரண்மனைக்கு அருகே வாழ்ந்த உயர்குடிகளின் அறைகளில், வண்ணம் அரைக்கும் சிறு உரல்கள், சங்கு செதுக்கும் கருவிகள், இன்னொரு பக்கம் நூல் நூற்கும் தக்ளி வட்டுகள் கிடைத்தன. கைவேலை செய்தவர்கள் உயர்குடியினரே. நரான்ஹோ பாணிக் குவளை ஒன்றில் கையெழுத்திட்ட ஓவியர், தன் தந்தை நரான்ஹோவின் மன்னர், தாய் யாஷ்ஹாவின் அரசகுலப் பெண் என்று எழுதிவைத்திருக்கிறார். எழுதுவதும் வரைவதும் இழிந்த வேலையாக அங்கே கருதப்படவில்லை.

அதேசமயம் மண் குழைத்த குயவர், உப்பு காய்ச்சியவர், அம்மி கொத்தியவர் எல்லோரும் கைவினைஞர்தான். அவர்கள் யாரும் கையெழுத்திடவில்லை.

வணிகத்திலும் இதே சிக்கல். காலக்முல்லில் 2004-இல் வெளிவந்த சுவரோவியங்களில் அரசர் யாரும் இல்லை. இருப்பவர்கள் சந்தை மனிதர்கள். பக்கத்திலேயே எழுத்து: 'அஹ் உல்', கஞ்சிக்காரர். 'அஹ் வாஹ்', தமாலே கொழுக்கட்டைக்காரர். 'அஹ் அட்சாம்', உப்புக்காரர். 'அஹ் மாய்', புகையிலைக்காரர். ஒரு காட்சியில், உடல் தெரியும் மெல்லிய நீல ஆடை அணிந்த, நகை பூண்ட பெண் ஒருத்தி, எளிய ஆடை அணிந்தவளின் தலையில் பெரிய பானையை ஏற்றிவைக்கிறாள். நீல ஆடைக்காரி எஜமானியா, பெரிய வியாபாரியா? சுமப்பவள் யார்? மாயா ஓவியம் முழுவதிலும் இரு தட்டுகளின் கைகள் ஒரே பானையைத் தொடும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

மேல்தட்டு வணிகத்தைத் தாழ்வாக நினைக்கவில்லை என்பதற்கு யுகத்தானிலிருந்து ஒரு சாட்சி. மாயப்பான் நகரத்தை ஆண்ட கோகோம் குடும்பத்தை, சியூ குலத்தின் தலைமையில் எதிரிகள் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெட்டிச் சாய்த்தார்கள். தப்பியவன் ஒரே மகன். அவன் அப்போது ஹோண்டுராஸின் உலுவா பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்தான் என்று லாண்டா எழுதுகிறார்.

படி 6: பொருள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பின்தொடருங்கள்

பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு வயிறு நிறையாது. 790-ஐ ஒட்டி வரையப்பட்ட போனம்பாக் சுவரோவியத்தின் முதல் அறையில் அரியணைக்கு அருகே ஒரு மூட்டை இருக்கிறது. அதன்மேல் எழுதியிருப்பது 'ஐந்து பி கக்காவ்'. ஒரு பி என்பது 8,000. ஆக 40,000 கொக்கோ விதைகள். இந்த விதைதான் பானமும் பணமும். வெள்ளை மேலாடை அணிந்த பிரபுக்கள் சுற்றி நிற்க, அரசரின் வரி வருமானம் எண்ணிக்கையோடு சுவரில் ஏறியிருக்கிறது.

இதை யார் வசூலித்தது? மாயப்பான் காலத்துக்கு லாண்டா பதில் தருகிறார். மதிலுக்குள் வாழ்ந்த ஒவ்வொரு பிரபுவுக்கும் மதிலுக்கு வெளியே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். குட்டையான தடித்த கோல்தான் அவருடைய அடையாளம். பிரபு வீட்டில் என்ன தேவை, வான்கோழியா, தேனா, உப்பா, மீனா, துணியா, எதுவானாலும் அவரிடம் சொன்னால் கிராமங்களிலிருந்து வந்துவிடும். குடியானவர் பிரபுவின் வயலில் விதைத்தார், வீட்டைத் தன் செலவில் கட்டித் தந்தார். தண்டனையிலும் தட்டு தெரிந்தது. திருடிய சாதாரணன் அடிமையாவான். திருடிய பிரபுவின் முகத்தில் இரு கன்னமும் நெற்றிவரை கீறித் தழும்பிடுவார்கள், காலமெல்லாம் ஊர் பார்க்க.

லாண்டாவைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். 1562-இல் மானி நகரில் மாயா நூல்களைத் தீயில் போட்டவரும் இவரே. அந்தத் தீயில் எரிந்தவை இருந்திருந்தால் இவரை நம்பி நிற்க வேண்டியதில்லை.

படி 7: பிறப்பு எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரியுங்கள்

யுகத்தானில் உயர்குடிக்குப் பெயர் 'அல்மெஹென்'. 'அல்' என்றால் தாய் பெற்றது, 'மெஹென்' என்றால் தந்தை பெற்றது. இரு பக்கமும் சொல்லத் தெரிந்த பரம்பரைதான் தகுதி. ஆனால் பரம்பரையை யாரும் கூசாமல் புனையலாம் அல்லவா? அதற்கும் ஒரு சல்லடை இருந்தது. சுமாயேல் ஊரின் சிலாம் பாலாம் என்ற மாயா மொழி ஏட்டில், ஊர்த்தலைமை கேட்டு வருபவர்களைச் சோதிக்கும் விடுகதைகள் இருக்கின்றன. 'சூரியனை என் தட்டில் கொண்டுவா, அதன் இதயத்தில் ஈட்டி நட்டிருக்க வேண்டும், மேலே பச்சைச் சிறுத்தை உட்கார்ந்து இரத்தம் குடிக்க வேண்டும்' என்று கேட்பார்கள். சூரியன் என்பது பொரித்த முட்டை. ஈட்டி, ஆசி கூறும் சிலுவைக் குறி. சிறுத்தை, பச்சை மிளகாய். சிலுவை வந்திருப்பதால் ஸ்பானியர் காலத்துக் கை பட்டது தெரிகிறது. ரகசிய மொழி தெரியாதவன் போலி என்று பிடிபடுவான் என்பது ஏற்பாடு.

படி 8: அடிமையையும் கைதியையும் பிரித்துப் பாருங்கள்

கயிற்றால் கட்டுண்ட உருவங்களைக் கண்டதும் 'அடிமை' என்று எழுதிவிடாதீர்கள். செவ்வியல் காலக் கற்களில் கட்டுண்டவர்கள் பெரும்பாலும் எதிரி நாட்டுப் பிரபுக்கள். 711-இல் தோனினா நகரின் படையிடம் சிக்கியது பகாலின் மகனான பலென்கே மன்னர். கல்லில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார், பெயர் தொடையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 738-இல் கோப்பானின் 13-ஆவது மன்னரைத் தலைவெட்டியவர், அவருக்கு அடங்கியிருந்த கிரிகுவாவின் தலைவர். பெயர் எழுதப்படும் அளவுக்குப் பெரியவர்கள் இவர்கள்.

வீட்டு அடிமைகள் வேறு. யுகத்தானில் போர்க்கைதி, திருடன், அடிமைக்குப் பிறந்த குழந்தை, விற்கப்பட்ட அநாதை இந்த நிலைக்கு வந்தார்கள். இந்தத் தட்டிலிருந்து எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதற்கு இரண்டு ஸ்பானியர்கள் அளவுகோல். 1511-இல் கப்பல் உடைந்து கரையேறிய ஹெரோனிமோ டெ அகிலாரும் கொன்சாலோ கெரேரோவும் இருவரும் அடிமையாக்கப்பட்டனர். அகிலார் 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸின் ஆட்கள் வரும்வரை அப்படியே இருந்தார். கெரேரோ செத்துமால் தலைவர் நாச்சான் கானிடம் போய்ச் சேர்ந்து, படைத்தலைவராகி, உயர்குடிப் பெண்ணை மணந்தார். கூட்டிப்போக வந்தபோது வர மறுத்துவிட்டார். பச்சை குத்திய முகமும் துளையிட்ட காதும் மனைவி மக்களும் இருக்கும்போது அவர் எங்கே திரும்புவது?

படி 9: அரசர் போனபின் யார் மிஞ்சினார் என்று கேளுங்கள்

9-ஆம் நூற்றாண்டில் தெற்குச் சமவெளி அரசுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நீள்கணக்கு என்ற மாயா நாட்காட்டி முறையில் தேதியிட்ட கடைசிக் கல் தோனினாவில், ஆண்டு 909. குஹுல் அஹாவ் என்ற பட்டம் காணாமல் போனது. பெலீஸின் சான் என்ற உழவர் ஊரோ ஏறத்தாழ 2,000 ஆண்டுகள், அருகிலிருந்த அரசுகள் எழுந்தும் விழுந்தும் போக, அதே குன்றுச்சரிவில் வயல்மேடை கட்டிப் பிழைத்தது. அங்கே கிடைத்த பச்சைக்கல்லும் கடற்சங்கும் அளவில் சிறியவை, ஆனால் அரசருடைய அதே பொருட்கள்.

யுகத்தானில் குடியானவரைக் குறித்த சொற்களில் ஒன்று 'மாசேவால்', மத்திய மெக்சிகோவின் நாவாட்ல் மொழியிலிருந்து கடன் வாங்கியது. 1847-இல் யுகத்தானின் மாயா மக்கள் பெரும் கிளர்ச்சியில் இறங்கினார்கள். மெக்சிகோவின் கின்தானா ரோ மாநிலத்தில் வாழும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்களை 'மாசேவால்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள்.